மாஸ்டர் பதில்கள்: சுனாமி அன்று மடுவமா, டிவியா?

கேள்வி: மாஸ்டர், வணக்கம். 2004 சுனாமிச் செய்தி எனக்குத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் கிடைத்தது. தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கூடையைக்கூட இறக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரோ, "அன்னைக்கு ஏது வேலை? ஞாயித்துக்கிழமை. அலை அடிச்சு வர்றத ரெண்டு பேரும் லயத்துல டிவியில பார்த்துக்கிட்டு இருந்தோம்" என்கிறார். மார்கழி வந்தால் இந்தச் சண்டையும் வந்துவிடும். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, கலண்டர் வீட்டுக்காரர் பக்கம்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போதாததற்கு உந்துவப் போயா, பௌர்ணமி லீவு. மலைநாட்டில் அன்று கொழுந்து எடை போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் தோட்டத்தில் லீவு நாளென்றும் பாராமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இல்லையென்றால் அந்த மடுவமும் ரேடியோவும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நடந்ததாக இருக்கும். சாவுக் கணக்கு ஏறிக்கொண்டே போன நாட்கள் அவை. ரேடியோவை யாரும் காதைவிட்டு எடுக்கவில்லை.

அதற்காக அவர் மீசையை முறுக்க வேண்டாம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது நம் அன்றைய நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன். கிழக்குக் கரையை அலை தொட ஏறக்குறைய 2 மணித்தியாலம் இருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே அப்போது கிடையாது. கல்முனைக்கும் முல்லைத்தீவுக்கும் காலிக்கும் தெரியாமல் வந்த அலையை, டிவிக்காரன் மட்டும் கேமராவோடு கரையில் காத்திருந்தா படம் பிடித்தான்? நாம் பார்த்ததெல்லாம் பிறகு திரும்பத் திரும்பப் போட்ட காட்சிகள். பார்த்த படமும் செய்தி கேட்ட நேரமும் அவர் மனதில் ஒன்றாகிவிட்டன.

இது மஸ்கெலியாவில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. 1986இல் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உளவியல் ஆய்வாளர்களான உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார்கள். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால், பலருடைய கதை வேறாக இருந்தது. வகுப்பில் இன்னொருவர் சொல்லிக் கேட்டவர்கள்கூட டிவியில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதுவும் சத்தியம் பண்ணாத குறையாக! அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டிய பிறகும் சிலர் இறங்கி வரவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குத் துணையாக அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் அன்று ஹட்டன் டவுனில் ஒரு சலூனில் இருந்தேன். ஞாயிறென்றால் டவுனில் தோட்டத்துச் சனம் நிறைந்திருக்கும், தெரியும்தானே. பாதித் தாடி வழித்தாகிவிட்டது. வெளியே யாரோ "காலிப் பக்கம் கடல் உள்ளே வந்துட்டுதாம்" என்றார். சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை மடித்து மேசையில் வைத்தார். அவருடைய மகன் மாத்தறையில் ஒரு புடவைக் கடையில் வேலை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினார். கழுத்தில் துண்டோடும் முகத்தில் நுரையோடும் நானும் பின்னால் போனேன். காசு கொடுத்து போன் பேசும் கொமியூனிகேஷன் கடை வாசலில் ஏற்கெனவே வரிசை. எல்லாரும் கரையோரத்தில் கடையிலோ வீட்டு வேலையிலோ பிள்ளையை விட்டவர்கள். லைன் எதுவும் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் நின்ற அம்மா ஒருவர் ரிசீவரை வைக்க மனமில்லாமல் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். மலையில் கடல் இல்லை, ஆனால் நம் பிள்ளைகள் கடல் பக்கம்தானே பிழைக்கப் போகிறார்கள். மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தி சலூன்காரருக்குப் பிறகுதான் வந்தது. "கடல் உள்ளே வந்துட்டுதாம்" என்றவர் யார் என்று கேட்டால், அந்த முகம் மட்டும் எனக்கு வருவதேயில்லை.

உங்கள் ஊர் மஸ்கெலியா என்பதால் ஒன்று கேட்கிறேன். உந்துவப் போயாவில்தான் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கும். முதல் நாள் இரவு ஏறியவர்கள் அன்று காலை இறங்கி அடிவாரத்து நல்லதண்ணிக்கு வந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தென்கரை ஆட்கள் எப்போதும் உண்டு. பெரலியாவில் 1,000க்கும் மேற்பட்டவர்களோடு ரயில் அள்ளுண்டதை, நாட்டில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனதை அவர்கள் எந்தக் கடையில், எந்த பஸ்ஸில் கேட்டார்கள்? உங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

ஆகவே சண்டையை இந்த மார்கழிக்கு நிறுத்தி வையுங்கள். நீங்கள் ஒரு தாளில், அவர் ஒரு தாளில், ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். அந்தக் கணக்கப்பிள்ளை இருந்தால் முதலில் அவரிடம் போய், எந்தக் கிழமை என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் கேட்டு, அதையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று தாளையும் எனக்கு அனுப்புங்கள்.