யார் கையெழுத்து வாங்கினார்கள்?

கேள்வி: நானோ தொழில்நுட்பத்தில் அணு அணுவாக எடுத்து அடுக்கப் பார்க்கிறார்களாம். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் குட்டி இயந்திரங்கள் ஒருநாள் உலகத்தையே தின்றுவிடும் என்றும் படித்தேன். இறைவன் படைப்பில் மனிதன் இப்படிக் கை வைப்பது தர்மமா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: உலகத்தைத் தின்னும் இயந்திரம் என்ற பயத்தை 1986-ல் கிளப்பியவர் எரிக் டிரெக்ஸ்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர். அப்படி ஒன்றைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்று 2004-ல் அவரே சொல்லிவிட்டார். நிம்மதியாகத் தூங்குங்கள். படைப்பில் கை வைப்பதா? கல்லணை கட்டிய அன்றே காவிரியில் கை வைத்தாயிற்று. அதற்காகக் கரிகாலனை யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனக்கு ஆச்சரியம், உரக்கடை வரை வந்துவிட்ட, இலையில் தெளிக்கும் திரவ உரமான நானோ யூரியாவைப் பற்றி நீங்கள் மூச்சே விடாததுதான். 2021-ல் வந்தபோது 500 மில்லி பாட்டில் ஒன்று 45 கிலோ சாதா யூரியா மூட்டைக்குச் சமம் என்றார்கள் விற்பவர்கள். லேபிளைப் படித்துக் கணக்குப் போடுங்கள். மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். அன்றைய பாட்டிலில் 4 சதவீதம், வெறும் 20 கிராம். பிறகு வந்த வகையில் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் மூட்டைக்குப் பக்கத்தில் வரவில்லை. துகள் நுண்ணியது, இலையே உறிஞ்சிக்கொள்ளும், வீணாகாது என்பது அவர்கள் வாதம். வீணாகாது, சரி. இல்லாத சத்து எங்கிருந்து வரும்? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் சோதித்துப் பார்த்து, நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்ததாகச் சொன்னது. விற்பவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

புது மருந்தைச் சோதிப்பதென்றால் நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சம்பா வயலில் சோதிக்க யார் கையெழுத்து வாங்கினார்கள்? மூட்டை வேண்டுமென்றால் இந்தப் பாட்டிலையும் எடு என்று தலையில் கட்டும் கடைகளும் உண்டு. விளைச்சல் குறைந்தால் அடி குத்தகைக்காரருக்கு. தெளிப்பானை முதுகில் மாட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும் கூலிக்காரரின் மூச்சில் என்ன போகிறது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? தர்மம் பார்ப்பதென்றால் இங்கே பாருங்கள், ஐயா. அணுவை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்த சம்பாவில் ஒரு மா நிலத்தில் மட்டும் இதைத் தெளித்து, பக்கத்து மா நிலத்தில் வழக்கம்போல மேலுரம் போட்டு, இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். விளைச்சல் குறைந்தால் பொறுப்பு எங்களுடையது என்று ரசீதில் எழுதித் தருவீர்களா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன பதிலை எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.