கேவிஎம் பரிந்துரைக்கும் விசிபியூ எண்ணிக்கை, அதிகபட்ச எண்ணிக்கையைவிடப் பெரிதாக வருவது ஏன்?

64 கோர் கொண்ட ஆர்ம் சர்வரில் ஒரு கெஸ்டுக்கு (விஎம், அதாவது மெய்நிகர் கணினிக்கு) எத்தனை விசிபியூ (மெய்நிகர் சிபியூ) வைக்கலாம் என்று கேட்டபோது, பரிந்துரை 64, அதிகபட்சம் 8 என்று லினக்ஸ் கெர்னலின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் சொல்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். 8-ஐ நம்புங்கள். பரிந்துரை எண் ஓர் ஆலோசனை மட்டுமே, அதை மீறினால் கெர்னல் தடுக்காது. அதிகபட்ச எண்தான் எல்லை, அதைத் தாண்டினால் பிழைதான் திரும்பி வரும்.

அந்த 8 வருவது, கெஸ்டுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இன்டரப்ட் கன்ட்ரோலரிலிருந்து (சாதனங்களின் அழைப்புகளை சிபியூக்களுக்கு அனுப்பும் பகுதி; ஆர்மில் அதன் பெயர் ஜிஐசி). ஜிஐசி இரண்டாம் பதிப்பில் ஓர் இன்டரப்ட் எந்த சிபியூவுக்குப் போக வேண்டும் என்பதை 8 பிட்டுகளில் குறிக்கிறார்கள், சிபியூவுக்கு ஒரு பிட். ஒன்பதாவதற்கு அங்கே இடமே இல்லை. மூன்றாம் பதிப்பு என்றால் கேவிஎம் 512 வரை விடும்.

64 என்பது ஹோஸ்டில் (கெஸ்டைத் தாங்கும் நிஜ சர்வரில்) இப்போது ஆன்லைனில் இருக்கும் சிபியூக்களின் எண்ணிக்கை. எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிபியூக்களில்) இது முன்பு அப்படி இல்லை. கெர்னலில் எழுதி வைத்த ஒரு நிலையான எண்ணைத்தான் சொல்லும், நெடுநாள் அது 240. நாலு கோர் லேப்டாப்பிலும் 240 பரிந்துரை! 2021-இல் அதை எடுத்துவிட்டு, எக்ஸ்86-உம் ஆன்லைன் சிபியூ எண்ணிக்கையையே சொல்லும்படி மாற்றினார்கள். என்னைப் பொறுத்தவரை மிகவும் தேவையான மாற்றம். நிஜ சிபியூவைவிட விசிபியூ அதிகமானால், ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டை) பிடித்திருக்கும் விசிபியூவையே ஷெட்யூலர் இறக்கிவிட்டு, அதற்காகக் காத்திருக்கும் மற்றவை வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பரிந்துரை என்றால் இந்த நிலைமையைத் தவிர்க்க உதவ வேண்டும்.

அதே சமயத்தில்தான், பரிந்துரை அதிகபட்சத்தைத் தாண்டக்கூடாது என்று பல ஆர்க்கிடெக்சர்களிலும் இரண்டில் சிறியதைத் திருப்பித் தரும்படி செய்தார்கள். ஆர்ம்64 மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அங்கே பரிந்துரையை ஹோஸ்டின் பொதுவான அதிகபட்சத்தோடு ஒப்பிடுகிறார்கள், உங்கள் விஎம்முக்கு என்று உள்ள அதிகபட்சத்தோடு அல்ல. பரிந்துரை வெறும் ஆலோசனைதானே, அதனால் பெரிய பாதிப்பில்லை என்று கெர்னல் கோடிலேயே குறிப்பு இருக்கிறது. உங்கள் 64-உம் 8-உம் இப்படி வந்தவைதான்.

இதனால் கேள்வியை எங்கே கேட்கிறீர்கள் என்பது முக்கியம். டெவ் கேவிஎம் (/dev/kvm) கோப்பிடம் கேட்டால் பொதுவான பதில் கிடைக்கும். விஎம்மின் ஃபைல் டிஸ்கிரிப்டரிடம் அதே ஐயாக்ட்டலை (கெர்னலிடம் கேட்கும் அழைப்பை) அழைத்தால்தான் அந்த விஎம்முக்கு உரிய பதில் வரும். அதிலும் ஜிஐசி-ஐ உருவாக்குவதற்கு முன்பு கேட்டால் 512 என்றும், இரண்டாம் பதிப்பை உருவாக்கிய பிறகு கேட்டால் 8 என்றும் வரும். முதலில் கேட்டதைச் சேமித்து வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டாதீர்கள். இரண்டில் சிறியதை உங்கள் புரோகிராமிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கெர்னலிலும் அது கைகொடுக்கும்.

பரிந்துரை, அதிகபட்சம் தவிர மூன்றாவதாக விசிபியூ ஐடி எல்லை, அதாவது விசிபியூவுக்குத் தரும் அடையாள எண்ணின் எல்லை, என்று ஒன்று உண்டு. எக்ஸ்86-இல் சாக்கெட்டுக்கு 3 கோர் வீதம் 2 சாக்கெட் வைத்தால், ஏபிக் ஐடிக்காக (எக்ஸ்86-இன் இன்டரப்ட் கன்ட்ரோலரில் சிபியூவின் அடையாள எண்) 3-ஐ 4 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள். ஐடிகள் 0, 1, 2, 4, 5, 6 என்று வரும். இருப்பது ஆறு விசிபியூ, கடைசி ஐடியும் 6. எண்ணிக்கை எல்லையை வைத்து ஐடியைச் சரிபார்த்தால், செல்லுபடியாகும் அமைப்பையே நிராகரிக்க நேரும்.