சிங்கப்பூரில் பகுதிநேர வேலை பார்த்து, கேசினோவுக்கென்று தனியாக ஒரு முதல் சேர்க்கலாமா?

கேள்வியில் இருப்பது சுருக்கமாக இதுதான். கேட்டவர் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கு வெளிநாட்டவருக்குத் தரும் அனுமதி) இருக்கும் ஏசி டெக்னீஷியன். சம்பளம் ஊருக்குப் போய்விடும், அதில் கைவைக்க மாட்டார். சனி ஞாயிறுகளில் நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டி 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேர்த்து, அதை மட்டும் கேசினோ முதலாக வைத்துக்கொண்டு, தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஆடலாம் என்று நினைக்கிறார். இதற்கு வேறு என்ன பகுதிநேர வேலை இருக்கிறது என்றும் கேட்கிறார்.

தம்பி, முதலில் வேலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உடனடி ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நான் இங்கே நிரந்தரவாசி, அதனால் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்க முடிகிறது. எஸ் பாஸிலோ ஒர்க் பெர்மிட்டிலோ இருப்பவர் பாஸில் பெயர் போட்டிருக்கும் முதலாளியிடம் மட்டும்தான் வேலை பார்க்கலாம். நண்பரின் கணக்கில் ஓட்டினாலும் அது செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேலை பார்த்ததாகத்தான் ஆகும். 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பாஸ் ரத்தாகும், திரும்ப இங்கே வேலைக்கு வரும் வழியும் அடைபடும். கணக்கைக் கொடுத்த நண்பரும் மாட்டுவார். ஊருக்குப் போகிற அந்தச் சம்பளத்தில் கைவைக்க மாட்டேன் என்கிறீர்கள், ஆனால் இந்தத் திட்டத்தில் முதலில் பணயம் வைப்பதே அந்தச் சம்பளத்தைத்தான்.

உங்களுக்குச் சட்டப்படி இருக்கும் கூடுதல் வருமானம் ஓவர்டைம்தான். உடலுழைப்பு வேலையில் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருந்தால், கூடுதல் நேரத்துக்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதம் 72 மணி நேரம் வரை பார்க்கலாம். அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் மணிக்கூலி வரும். 3,300 வெள்ளி என்றால் மணிக்கு 17.30, ஓவர்டைமில் ஏறக்குறைய 26 வெள்ளி. இந்த 26-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 2,000 வெள்ளி முதல். ஆட்டத்துக்கெனத் தனியாகப் பணம் ஒதுக்கி, ஒவ்வொரு பந்தயத்திலும் அதில் ஒரு சிறு பங்கை மட்டும் வைக்கும் பழக்கம், ஆட்டத்தில் தங்கள் பக்கம் சாதகம் உள்ளவர்களுடையது. 1956-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் போன சீட்டுகளை எண்ணிக் கணக்கு வைத்து ஆடிக் காட்டிய கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் அந்தச் சூத்திரத்தைக் கையாண்டார். சரிக்குச் சரி பணம் தரும் பந்தயத்தில் கணக்கு எளிது: ஜெயிக்கும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 52 சதவீதம், எதிராளிக்கு 48 என்றால் வித்தியாசம் 4 சதவீதம், அதாவது 2,000 வெள்ளியில் 80 வெள்ளி வைக்கலாம்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் கட்டத்தில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டுக்கு இதையே போட்டுப் பாருங்கள். ஆடுகிறவருக்குக் கொஞ்சமாவது நல்லதான ஒற்றைப் பூஜ்ய சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 37 கட்டம். சிவப்பில் வைத்தால் 18 கட்டம் உங்களுக்கு, 19 கட்டம் (18 கறுப்பும் ஒரு பூஜ்யமும்) எதிராக. கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. வைக்க வேண்டிய தொகை ஒன்றுமில்லை என்பதுதான் அந்தச் சூத்திரம் தரும் விடை. கையில் 2,000 இருந்தாலும் 20,000 இருந்தாலும் அதே விடைதான். சாதகம் இல்லாத ஆட்டத்தில் முதலைப் பெருக்கினால், உட்கார்ந்து தோற்கும் நேரம்தான் கூடும். எவ்வளவு ஒழுக்கமாக ஆடினாலும் இது மாறாது. திட்டம் போட்டு, கணக்கு நோட்டு வைத்து ஆடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

குறைந்தபட்சப் பந்தயம் 25 வெள்ளி, மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சராசரி நஷ்டம் 25-ல் 37-இல் ஒரு பங்கு, 68 காசு வரும். நாற்பது சுற்றுக்கு 27 வெள்ளி. வெயிலில் மொட்டை மாடியில் கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் வருவது 26 வெள்ளி என்று மேலே பார்த்தோம்.

இரட்டிப்பு முறை இதைச் சரிசெய்யாது. 25, 50, 100, 200, 400, 800 என்று ஆறு தடவை வைத்தால் போவது 1,575 வெள்ளி. ஏழாவதுக்கு 1,600 வேண்டும், கையில் இருப்பது 425. ஆறு தடவை வரிசையாகத் தோற்பது அபூர்வம் என்று தோன்றும். 25-ல் தொடங்கி, ஜெயிக்கும்வரை அல்லது ஆறும் தோற்கும்வரை ஆடுவதை ஒரு தொடர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 55 தொடருக்கு ஒரு தடவை அது வரும். மற்ற 54 தொடரிலும் ஜெயித்தால் தொடருக்கு 25 வீதம் 1,350 வெள்ளி வந்திருக்கும், அந்த ஒரே தொடரில் 1,575 போய்விடும். ஒரு தொடர் சராசரியாக இரண்டு சுற்றில் முடிந்துவிடுவதால், மணிக்கு 40 சுற்று என்றால் 55 தொடர் மூன்று மணி நேரத்துக்குள் ஓடிவிடும். ஒரே ஒரு சனிக்கிழமை இரவு போதும். கேசினோக்காரர்கள் மேசைக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள், அதனால் கையில் பணம் இருந்தாலும் ஓர் இடத்துக்கு மேல் இரட்டிப்பாக்க விடமாட்டார்கள்.

கேசினோ வேண்டாம், ஃபோர்-டி (நாலு இலக்க எண் லாட்டரி) எடுக்கிறேன் என்று அடுத்து கேட்பீர்கள். சனிக்கிழமை மாலை ஆறரை மணிக் குலுக்கலுக்கு முன்னால் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பூல்ஸ் லாட்டரிக் கடை வரிசையைப் பார்த்திருப்பீர்கள். விபத்தில் சிக்கிய லாரியின் நம்பரைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்த நாலு எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். சீனர், தமிழர் என்று வித்தியாசமே கிடையாது. 10,000 எண்ணில் 23 எண்ணுக்குப் பரிசு. இந்த 23 எண்ணுக்கும் பரிசு தரும் பிக் பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பிறகு பத்து எண்ணுக்கு 250 வீதம், இன்னும் பத்துக்கு 60 வீதம். எல்லாம் கூட்டினால் 6,590. பத்தாயிரம் எண்ணையும் ஒருவரே வாங்கினாலும் திரும்பி வருவது வெள்ளிக்கு 66 காசுகூட இல்லை. முதல் மூன்று எண்ணுக்கு மட்டும் பரிசு தரும் ஸ்மால் பந்தயத்தில் 58 காசு. ரூலெட்டைவிட மோசம். நானும் எப்போதாவது ஒரு வெள்ளிக்கு எடுப்பதுண்டு, டீச் செலவு மாதிரி. அதில் முதல் சேர்க்கிற பேச்சே இல்லை.

வாட்ஸ்அப்பில் பந்தயம் பிடிப்பவர்கள், வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். உரிமம் இல்லாத இடத்தில் ஆடுகிறவருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

பக்கவருமானம்தானே, போனால் போகட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனசு கேட்காத வரி அது. டியூஷன் முடித்து இரவு பஸ்ஸில் திரும்பும்போது கையில் இருக்கும் பணம் சம்பளத்தைவிடக் கஷ்டமான பணம், ஓய்வு நேரத்தைக் கொடுத்து வாங்கியது. உங்கள் 2,000 வெள்ளி ஊர்க் கணக்கில் லட்சத்தைத் தாண்டும். இந்த ஊர் தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் நுழைய 2019 முதல் ஒரு நாளைக்கு 150 வெள்ளி வாங்குகிறது, அவர்கள் அடிக்கடி போகக்கூடாது என்பதற்காக. வெளிநாட்டவரான எங்களுக்கு இலவசம் என்று நீங்கள் சந்தோஷப்பட்டது அந்த வாசலைப் பற்றித்தான்.

போய்ப் பார்க்க ஆசை என்றால் ஒரு தடவை 50 வெள்ளியோடு போங்கள், ஏடிஎம் கார்டை அறையிலேயே வைத்துவிட்டு. கால் தானாக அங்கே போகிறது என்று தோன்றினால் 1800-6-668-668 எண்ணில் பேசுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் எண் அது. உங்களை நீங்களே சிங்கப்பூரின் இரண்டு கேசினோவிலும் தடைசெய்துகொள்ளலாம், இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கும் அந்த வசதி உண்டு.

இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, ஓவர்டைம் மணிக்கணக்கும் ஒன்றரை மடங்கும் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இடித்தால் அடிப்படைச் சம்பளத்தையும் மணிக்கணக்கையும் மட்டும் கீழே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.