பட்டி பார்த்தும் திரும்ப வரும் தூணோர விரிசல்

கேள்வி: வீடு கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கூடத்தில் கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல் விழுந்துள்ளது. வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்தும் கோடையில் மீண்டும் தெரிகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வெள்ளைச் சிமென்ட்டால் முடியாது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை என்பதால், அவை சேரும் கோடு ஆண்டு முழுவதும் மயிரிழை அளவுக்கு அசைந்துகொண்டே இருக்கும். இறுகியபின் நெகிழாத வெள்ளைச் சிமென்ட்டும், சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியும் அந்த அசைவைத் தாங்காமல் அதே கோட்டில் வெடிக்கின்றன. சிமென்ட் பூச்சுக்கு முன்பே அங்கு கோழிவலை எனப்படும் மெல்லிய கம்பி வலையை அடித்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வந்திராது. அவசரத்தில் விட்டுப்போகும் வேலைகளில் இதுவும் ஒன்று.

முதலில் விரிசலின் இருபுறமும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைச் செதுக்கி எடுத்து, இணைப்பின் இருபுறமும் சுமார் 15 செ.மீ. படியுமாறு கோழிவலை அடித்து, புதிதாகப் பூசி, 7 நாட்கள் நீர் தெளித்து ஈரமாக வைத்து (நீராற்றி), நன்கு உலர்ந்த பிறகே பட்டி பார்க்க வேண்டும்.

பூச்சு உறுதியாக இருந்தால் வேலை எளிது. விரிசலைப் பட்டித்தகட்டின் முனையால் சுமார் அரை செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் கீறி அகலப்படுத்துங்கள். இருக்கும் விரிசலைப் பெரிதாக்குவதா என்று பலர் தயங்குவார்கள், ஆனால் மேலோட்டமாகத் தடவிய பசை உள்ளே இறங்காது. தூசியை முற்றிலும் நீக்கி, கடைகளில் கிராக் ஃபில்லர் என்று கிடைக்கும் அக்ரிலிக் பசையை அழுத்தி நிரப்புங்கள். அது உலரும்போது சற்று உள்வாங்கும் என்பதால், மறுநாள் இன்னொரு முறை பசை நிரப்ப வேண்டியிருக்கலாம். அதன்மேல் கண்ணாடியிழை வலை நாடாவை ஒட்டி, நாடாவின் மேடு தெரியாதபடி இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டியை மெலிதாக இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்தபின் வண்ணம் பூசலாம். உங்கள் சுவரில் கோடையில்தான் விரிசல் வாய் திறக்கிறது. அப்போதே அடைப்பது நல்லது. பின்னர் சுவர் விரியும்போது பசை அமுங்குமே தவிரப் பிளக்காது.

விரிசல் 3 மி.மீ.க்கு மேல் அகன்றாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல் ஏறிச் சுவரின் மறுபுறமும் தெரிந்தாலோ, கட்டுமானப் பொறியாளர் பார்க்கும்வரை எதையும் பூசி மறைக்க வேண்டாம்.