மேட்டூர் அணையை விட உயரமான டவர்

கேள்வி: இங்கிலாந்தில் உலகப்போர்க் கால ரேடார் டவர் ஒன்றைப் பழைய கோயிலைப் போலப் பாதுகாக்கிறார்களாம். எங்கள் மலையிலும்தான் டவர்கள் நிற்கின்றன. அதில் அப்படி என்ன விசேஷம்?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: முப்பது வருஷம் சேலத்தைச் சுற்றி மின்சார லைன் டவர் ஏற்றியவன் நான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா.

எசெக்ஸ் பகுதியில் கிரேட் பேடோ என்ற ஊரில் நிற்கிறது அந்த 'செயின் ஹோம்' டவர். எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கப் பிரிட்டன் கடற்கரையோரம் நிறுத்திய ரேடார் நிலையங்களின் வரிசைக்குத்தான் அந்தப் பெயர். உயரம் 360 அடி. நம் மேட்டூர் அணையே 214 அடிதான். 50, 200, 350 அடிகளில் மேடைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போரின்போது இது நின்றது கான்யூடன் என்ற வேறு ஊரில். 1956இல் மார்க்கோனி என்ற ரேடியோ கம்பெனிக்காகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள்.

டவர் ஏற்றியவனுக்கு இதைக் கேட்டாலே சிலிர்க்கும். கயிற்றில் ஆடியபடி மேலே வரும் ஆங்கிளை (L வடிவ இரும்புச் சட்டம்) ஒரு கையால் பிடித்து, ஸ்பேனரின் கூரான வாலைத் துளையில் விட்டு நெம்பி, இரண்டு துளையும் நேருக்கு நேர் வந்த நொடியில் போல்ட்டைத் தள்ள வேண்டும். காற்று அடித்தால் அந்த ஒரு போல்ட்டுக்கே அரை மணி நேரம் போய்விடும். கழற்றுவது இன்னும் பொறுமையான வேலை. எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால், அப்புறம் எல்லாம் பழைய இரும்புதான். அத்தனையும் தாண்டி, மேடைகள்கூடக் குறையாமல் நிற்கிறதே! 2019இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது ரொம்பச் சரி.

ஏன் அவ்வளவு உயரம் என்றால், லேடீஸ் சீட்டில் நின்றால் சேலமே தெரிகிறது, மலையடிவாரத்தில் நின்றால் எதிர்வீடுதான் தெரிகிறது, அதே கதைதான். அவர்களுடைய கிழக்குக் கரையில் சேர்வராயன் மலை இல்லை. கடல் தாண்டி வரும் விமானத்தைத் தூரத்திலேயே பிடிக்க டவர்தான் வழி.

கேள்வி: அந்த ரேடார் சுழலுமா?
- ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: சுழலாது. இரும்பு டவர்களில் கட்டித் தொங்கவிட்ட கம்பிகள், திருவிழா மைதானத்து விளக்கு மாதிரி முன்பக்கம் முழுவதும் ரேடியோ அலையைப் பரப்பின. விமானத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்க 240 அடி மர டவர்கள் தனியாக இருந்தன. இரும்பு பக்கத்தில் இருந்தால் வரும் அலையைக் குழப்பிவிடும். திசையைக் கண்டுபிடித்தது கீழே அறையில், ஒரு குமிழைத் திருப்பித் திருப்பி. 1940இல் அந்தக் குமிழைப் பிடித்திருந்தவர்களில் பலர் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்த இளம்பெண்கள்.