கை ஓங்கும் தாத்தாவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மறதி நோய் உள்ள ஒரு தாத்தா, சாயங்காலமானால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சணும் என்று கிளம்பிவிடுவார், தடுத்தால் அடிக்க வருகிறார். ஆன்லைன் பயிற்சி எடுத்தால் பலன் இருக்குமா?
– ஒரு வாசகி, சுவாமிமலை

பதில்: இருக்கும் சகோதரி, எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான இணையவழிப் பயிற்சிதான், நடத்தை மாற்றங்களுக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. ஆனால் ஓங்கிய கையிலிருந்து விலகுவது திரையில் பார்த்தால் மட்டும் வராது, உடன் வேலை செய்பவர்களோடு நேரில் செய்து பழக வேண்டும்.

அவரிடம் வாதாடாதீர்கள். கை எட்டாத தூரத்தில் தள்ளி, அவர் கண்ணில் படும்படி நின்று, வழியை மறிக்காமல், "ஆத்துல தண்ணி வந்துடுச்சா தாத்தா, குறுவையா சம்பாவா?" என்று பேச்சுக் கொடுத்து அப்படியே கூட நடங்கள். மாலையில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம், இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். அப்புறம், ஒரே நாளில் திடீரென்று மூர்க்கமானால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ இருக்கலாம், அவருக்குச் சொல்லத் தெரியாது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அடி பட்டால் மறைக்காமல் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து, துணைக்கு ஆள் கேளுங்கள்.