இதயத்துக்கு ஆஸ்பிரின், முட்டிக்கு இப்யூபுரோஃபென்: சேர்த்துப் போடலாமா?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 64 வயது. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்ததிலிருந்து தினமும் ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் சாப்பிடுகிறார். முட்டிவலிக்கு பார்மசியில் இப்யூபுரோஃபென் வாங்கி, காலையில் பசியாறியதும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார். இரண்டும் ஒரே வகை மருந்துதானே, பரவாயில்லையா?"

ஒரே வகை என்பதுதான் இங்கே பிரச்சினையே. இன்றைக்கே அம்மாவிடம் சொல்லி இப்யூபுரோஃபெனை நிறுத்திவையுங்கள். ஆஸ்பிரினை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

நம் உடலில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுபவை புரோஸ்டாகிளாண்டின்கள். செல்லின் சவ்விலிருந்து வரும் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து காக்ஸ் என்ற நொதி இவற்றைச் செய்கிறது. அந்த நொதிக்குள் ஒடுக்கமான ஒரு சந்து இருக்கிறது. கொழுப்பு அதற்குள் போனால்தான் வேலை நடக்கும். ஆஸ்பிரின் 1899லிருந்து விற்பனையில் இருந்தாலும், அது இந்த உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று 1971ல்தான் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். அதற்காக 1982ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆஸ்பிரினும் இப்யூபுரோஃபெனும் அதே சந்தைத்தான் அடைக்கின்றன, ஆனால் அடைக்கும் விதம் வேறு. ஆஸ்பிரின் தன்னிலிருந்து ஒரு துண்டை, அசிட்டைல் தொகுதியை, சந்தின் உள்ளே நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள முடியாது. அதனால் அந்தத் தட்டணு வாழும் 7 முதல் 10 நாள் வரை இரத்தத்தை உறைய வைக்கும் துராம்பாக்ஸேனை அதனால் செய்ய முடிவதில்லை. ஸ்டென்டில் இரத்தம் உறைந்து அடைக்காமல் காப்பது இதுதான். இப்யூபுரோஃபெனோ சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும்.

இப்போது அம்மாவின் காலை வேளையை நினைத்துப் பாருங்கள். இப்யூபுரோஃபென் முந்திக்கொண்டு சந்தில் உட்கார்ந்தால், ஆஸ்பிரினால் ஒட்டவேண்டிய இடத்தை நெருங்க முடியாது. ஆஸ்பிரின் இரத்தத்தில் அதிக நேரம் தங்காது. 20 நிமிடத்துக்குள் பாதி காணாமல் போய்விடும். இடம் காலியாகும்போது ஒட்டுவதற்கு ஆஸ்பிரின் மிச்சமிருக்காது. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் பாதுகாப்பு குறைகிறது. எனக்கு இதில்தான் அதிகக் கவலை, ஏனென்றால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் புரோஸ்டாகிளாண்டின்கள்தான். இரண்டு மருந்தும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடும். அம்மா இரத்த அழுத்த மாத்திரையோ நீர் போகும் மாத்திரையோ சாப்பிட்டால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மலம் கறுப்பாகப் போனால் அவசரப் பிரிவுக்குத்தான் போகவேண்டும்.

சரி, முட்டிவலிக்கு என்ன செய்வது? முதலில் பாரசிட்டமால் கொடுத்துப் பாருங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதைவிடக் குறைவு. வலிக்குத் தடவும் ஜெல் இரத்தத்தில் கொஞ்சமே கலக்கும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தடவலாம். இப்யூபுரோஃபென் வேண்டும் என்று டாக்டரே எழுதினால், சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு குறைந்தது 30 நிமிடம் கழித்துத்தான் அதைப் போடவேண்டும். இப்யூபுரோஃபெனை முதலில் போட்டுவிட்டால் ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரம் விடவேண்டும். மேலுறை போட்ட ஆஸ்பிரின் மெதுவாகக் கரையும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்புறம், நம் ஊரில் டெங்கி இருக்கிறது, அதிலும் இரத்தக்கசிவு வரலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் இப்யூபுரோஃபெனைத் தொடவே வேண்டாம். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்று சொல்லி அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.